கரும்பலகைப் பச்சை

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

விடியவே வயல் வட்டைக்குள் அறுவடை மெசின் இறங்கிவிட்டது. தூசி இலட்சுமியின் கண்ணுக்கு ஆகாது என்று மேற்கு ஜன்னல்களைச் சாத்தினேன். சாத்திய பிறகு வீடு இருண்டுவிட்டதோ என்று பயந்து ஒன்றைத் திறந்தேன். பிறகு அதையும் அரைவாசி சாத்தினேன்.

கண் கிளினிக் அட்டையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நான்காவது ஊசி மார்ச் 27. கேட்டுவிட்டு, "அத அலுமாரிக்குள்ள வைங்க. நான் வரல்ல" என்றாள்.

"ஏன் அப்பிடிச் சொல்றாய்?"

"மூண்டு ஊசி ஏத்தியாச்சு. என்ன கூடின?"

வலக்கண்ணுக்குள் இரத்தக்குழாய் கசிகிறது, ஊசி அதற்கு. இடக்கண் வேறு விதம், மெல்ல மெல்ல மங்குவது. அதற்கு ஊசி இல்லை, பார்த்துக்கொண்டிருப்பதுதான். டொக்டர் நவம்பரிலேயே தெளிவாகச் சொன்னா: "கூடும் எண்டு எதிர்பார்க்காதீங்க. இருக்கிறத போகாமப் பிடிச்சு வச்சிருக்கும்." நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்கப் பயந்தேன். இலட்சுமிதான் கேட்டாள். "நடுப் பார்வை போயிரும், டீச்சர்" என்றா டொக்டர்.

இன்று அதை நினைவுபடுத்தினேன். அவள் சிரித்தாள்.

"போகல்ல எண்டத நான் எப்பிடி நம்புற? வரைபு ஒண்டு கீறிக் காட்டுங்க, பாப்பம்."

முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். பகிடிக்குச் சொன்னாளோ என்னவோ. நான் பகிடியை எடுத்து வேலையாகச் செய்கிற ஆள்.

13 பெப்ரவரி, வியாழன்

தரவு இருக்கிறது. டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் காலையில் பார்வை பார்த்து வருகிறேன். தாளொன்றில் நாற்பது எழுத்து, மேலே பெரிது, கீழே போகப் போகச் சிறிது. தாள் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. ஒரே கதிரை, ஒரே தூரம், ஒரே வெளிச்சம். ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் வாசிப்பாள். சரியானவற்றை எண்ணி எழுதுவேன்.

எங்கள் மகள் விதுர்ஷா கொழும்பிலிருந்து அனுப்பிய மடிகணினியில் 'ஆர்' என்ற புள்ளிவிபர மென்பொருள் இருக்கிறது. ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் புள்ளிவிபரத் திணைக்களத்தில் பயிற்சி தந்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த அப்துல் கபூர் கேட்ட உடனே பிடித்துக்கொண்டான். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். எழுதியது இப்போது உதவுமா? தெரியவில்லை.

16 பெப்ரவரி, ஞாயிறு

பார்வை வழக்கம் போல. இரண்டு கண்ணும். நல்லது.

17 பெப்ரவரி, திங்கள்

வரைபு வந்துவிட்டது. வலக்கண்ணுக்கு ஒரு கோடு, இடக்கண்ணுக்கு ஒரு கோடு. படமாக வெளியே எடுத்து பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினேன். திரை பெரிது, அவளுக்கு வசதி என்ற எண்ணம்.

படம் விழுந்த உடனே அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"நிப்பாட்டுங்க. லொறி லைட் அடிக்கிற மாதிரி இரிக்கு."

வெள்ளைப் பின்னணி. எனக்கு வெள்ளையாகத் தெரிவது அவளுக்குக் கூச்சம். பத்திரிகையைக்கூட அவள் விட்டது அதனால்தானே? இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது? நெடுநேரம் கண்ணீர் வடிந்தது அவளுக்கு. கூச்சத்தால்தான், அழுகை இல்லை என்றாள்.

20 பெப்ரவரி, வியாழன்

கறுப்பாக்கினேன். கட்டளை ஒன்றுதான், மூன்று நாள் தேடினேன். மடிகணினியில் அழகாக இருந்தது. டிவியில் போட்டால் நடுவில் கறுப்புப் பெட்டி, அதைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளைச் சட்டம். முன்பைவிட மோசம். இலட்சுமி எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"இல்ல. தேங்காய் துருவுறன்."

21 பெப்ரவரி, வெள்ளி

காத்தான்குடிக்குப் போன் அடித்தேன். கபூர் இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வுகளுக்கு வரைபு போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தான்.

"வேட்டிய மாத்தின, சால்வைய மறந்துட்டீங்க மச்சான்."

அவன் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். படத்துக்குப் பின்னணி இரண்டு. கோடு ஓடும் பெட்டிக்கு ஒன்று. அச்சுகளும் தலைப்பும் நிற்கிற வெளித் தாளுக்கு இன்னொன்று. நான் உள்ளதை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"வெளிய உள்ளத இல்லாமச் செஞ்சிட்டா?" என்று கேட்டேன்.

"அத மட்டும் செய்யாதீங்க" என்றான். ஏன் என்று கேட்பதற்குள் அவனுக்குத் தொழுகை நேரம்.

23 பெப்ரவரி, ஞாயிறு

செய்யாதே என்றதைச் செய்தேன். கபூர் அவசரத்தில் சொல்லியிருப்பான் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

வெளிப் பின்னணியை அகற்றிவிட்டு ஏற்றுமதி செய்தேன். என் மடிகணினியில் பார்த்தால் இருட்டுச் சாம்பலாக, ஒழுங்காக இருந்தது. கைபேசியில் பார்த்தால் எல்லாம் கறுப்பு. அச்சில் இருந்த எழுத்துகள் கறுப்புக்குள் கறுப்பாகக் காணாமல் போயிருந்தன. டிவியிலோ மறுபடி வெள்ளைச் சட்டம். ஒரே கோப்பு, மூன்று முகம். பின்னணி இல்லாத படம் போகிற இடத்து நிறத்தை எடுத்துக்கொள்கிறது. என் சுபாவமும் அதுதான் என்று இலட்சுமி சொல்வாள். நல்ல வேளை, அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

இன்றைய பார்வை: வழக்கம் போல.

25 பெப்ரவரி, செவ்வாய்

கபூர் தானாகவே போன் எடுத்தான்.

"இல்லாமச் செஞ்சிருப்பீங்களே?"

"ஓம்."

"எனக்குத் தெரியும். இனிச் சொல்றத கேளுங்க. திரையில தெரியிறத நம்பாதீங்க. கோப்பா வெளிய அனுப்பக்குள்ள, அந்த அனுப்புற கட்டளைக்குள்ளயே நிறத்தையும் சொல்லிருங்க. சொல்லல்ல எண்டா அது தன்ட எண்ணத்துக்குப் பூசும்."

பிறகு குரலை இறக்கி, "டீச்சருக்கு எந்த நிறம் தெரியும் எண்டு கேட்டீங்களா?" என்றான்.

கேட்கவில்லை. ஒரு கிழமையாக அவளுக்காகப் படம் கீறுகிறேன். அவளிடம் கேட்கவில்லை.

26 பெப்ரவரி, புதன்

கேட்டேன். சும்மா கேட்காமல், ஒரே கோட்டை வேறு வேறு பின்னணியில் போட்டு டிவியில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கறுப்பு: "கிணத்துக்குள்ள பாக்கிற மாதிரி." கருநீலம்: "கோடு எங்க?" கபிலம்: "சீ."

கரும்பச்சை வந்தபோது தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். நேரே பார்த்தால் நடுவில் புகை நிற்கிறதாம். அதனால் எதையும் ஓரத்தால்தான் பார்க்கிறாள்.

"இது பள்ளிக்கூடப் பலகையெல்லோ. ஆனா புதுசா பெயின்ற் அடிச்ச பலகை. எனக்கு ஒரு தவணை பாவிச்ச பலகை வேணும். துடைச்சுத் துடைச்சு வெளிறினது."

நிற எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். "இன்னும்." மாற்றினேன். "இன்னும் கொஞ்சம் சோக்குத் தூள் போடுங்க." மாற்றினேன். "ஆ... நில்லுங்க."

கோட்டுக்கு எந்த நிறம் என்று கேட்டேன். மஞ்சள் சோக்கு என்றாள். இடக்கண்ணுக்கு வெள்ளை.

இன்று பகல் முழுவதும் நாங்கள் இப்படியே இருந்தோம். சோறு ஆக்கப் பிந்திவிட்டது. ஊசியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

1 மார்ச், சனி

பெட்டிக்கு நிறம் சொன்னேன். வெளித் தாளுக்குச் சொன்னேன். அனுப்பும் கட்டளைக்குள்ளும் சொன்னேன். பின்னணி ஓரம் வரைக்கும் பச்சை, ஒரு மயிரிழை வெள்ளைகூட இல்லை. ஆனால் எழுத்துகள் இன்னமும் கறுப்பு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிறம் சொல்ல வேண்டியிருக்கிறது: தலைப்பு, அச்சின் பெயர், மாதங்கள், இலக்கங்கள். இரண்டை மறந்து மூன்று தடவை ஏற்றுமதி செய்தேன்.

திங்கட்கிழமை விதுர்ஷா பேசுவாள். அதற்குப் பிறகு காட்டலாம். அவசரப்பட்டால் நான் பிழை விடுவேன்.

4 மார்ச், செவ்வாய்

காட்டினேன்.

கதிரையை இழுத்து டிவிக்குக் கிட்டப் போனாள். தலையைத் திருப்பி, மஞ்சள் கோட்டில் விரலை வைத்து டிசம்பரிலிருந்து மெதுவாக வந்தாள். கோடு விழவில்லை. மூன்று மாதமாக விழவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"தெரியிதா?"

"வடிவாத் தெரியிது." விரல் வெள்ளைக் கோட்டுக்கு மாறியது. "வெள்ளைக் கோடு இடக்கண்தானே?"

"ஓம்."

"அதுவும் விழல்ல."

"ஓம், அதுவும் நல்லா..." நான் அவ்வளவில் நின்றேன்.

"ஊசி போட்ட கண்ணும் விழல்ல. போடாத கண்ணும் விழல்ல. அப்ப ஊசி என்ன செஞ்ச?"

இரண்டு கிழமையாக இந்தப் படத்தோடு இருக்கிறேன். பின்னணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைப் பார்க்கவில்லை. என்ன புள்ளிவிபர உத்தியோகத்தன் நான்? ஒரு சின்னப் பிள்ளை கேட்கும் கேள்வி.

"மார்ச் இருவத்தேழு வேணாம். சரிதானே?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

5 மார்ச், புதன்

ஒன்றும் எழுத மனமில்லை. நானே கீறி நானே கெடுத்தேன். கீறாமலே இருந்திருக்கலாம்.

6 மார்ச், வியாழன்

காலையில் தேத்தண்ணி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்த பிறகும் போகவில்லை.

"இஞ்ச பாருங்க. அந்த வரைபு பிழை."

"தெரியும். நோய் ரெண்டும் வேற, ஒப்பிடக் கூடாது. நான்தான்..."

"அது இல்ல. புள்ளிகள் பிழை. நான் பாடமாக்கிட்டன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் கதிரையில் இருந்தாள். டிசம்பரில் முதல் இரண்டு ஞாயிறு மட்டும்தான் உண்மையாக வாசித்தாளாம். மூன்றாம் கிழமையிலிருந்து நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, பூதக்கண்ணாடியோடு அலுமாரிக் கதவுக்குக் கிட்டப் போய், கீழ் வரிசைகளைப் பாடமாக்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஒப்புவித்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் சரியாச் சொன்னா நீங்க சந்தேகப்படுவீங்க. அதால முதல் எத்தின சொன்னனோ அந்தளவுல நிப்பாட்டினன். சில கிழமை வேணுமெண்டே ஒண்டு ரெண்டு பிழைச்சன்."

"ஏன் இலட்சுமி?"

"ரெண்டாம் கிழமை இடக்கண்ணுல ரெண்டு எழுத்துக் குறைஞ்சது. அண்டைக்கு உங்கட முகத்தப் பாத்தன். அது எனக்கு வடிவாத் தெரிஞ்சது."

தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினாள்.

"செவ்வாய்க்கிழமை நான் வெண்டிட்டன். அதோட விட்டிருக்கலாம். ஆனா பிழையான தரவுல வெண்ட கணக்கு... எனக்குச் செமிக்கல்ல."

கோபம் வரவேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அலுமாரிக் கதவோடு நிற்பதுதான் மனதில் வந்து வந்து போகிறது.

உத்தியோகத்தில் இருந்தபோது, விளைச்சல் கணிக்கும் பயிர்வெட்டுப் பரிசோதனைக்கு எத்தனை வட்டை ஏறி இறங்கினேன். எந்தத் துண்டை வெட்டப் போகிறோம் என்று வயல் சொந்தக்காரப் போடியாருக்கு முன்கூட்டிக் காட்டக் கூடாது. காட்டினால் அந்தத் துண்டுக்கு மட்டும் உரம், பசளை விழும். இதைப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவன், ஒரே தாளை மூன்று மாதம் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன்.

9 மார்ச், ஞாயிறு

புதுத் தாள்கள் செய்தேன். மென்பொருளே எழுத்துகளைக் குலுக்கிப் போடும். தாள்களும் கரும்பலகைப் பச்சைதான், எழுத்து மஞ்சள். அச்சுக் கடையில் மை எல்லாம் முடிந்துவிடும் என்று முறைப்பாடு. பழைய தாள் கறுப்பு வெள்ளை, புதுத் தாள் பச்சை: அளவுகோல் மாறுகிறதே என்று பயந்து, கடைசியில் வெள்ளையிலும் ஒன்று அடித்தேன். இரண்டாலும் பார்ப்போம்; ஒப்பிடுவதற்கு வெள்ளை, அவள் கண்ணுக்குப் பச்சை.

வெள்ளைத் தாளில் அவளுக்குக் கூசியது. பொறுத்துக்கொண்டு வாசித்தாள்.

வலக்கண் டிசம்பரில் இருந்ததைவிட ஓர் எழுத்துக் குறைவு. இடக்கண் ஏழு எழுத்துக் குறைவு.

ஏழு. மூன்று மாதத்தில். அவள் சமையல் செய்தாள், கோலம் போட்டாள், எனக்குத் தெரியாமல் போயிற்று.

"எத்தின?" என்று கேட்டாள். சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொன்னேன்.

11 மார்ச், செவ்வாய்

பொய்ப் புள்ளிகளை எல்லாம் அகற்றினேன். டிசம்பரில் இரண்டு, மார்ச்சில் ஒன்று. நடுவில் பச்சை மட்டும். படம் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

கபூருக்குச் சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "என்ட உம்மாவும் பல்லு நோவ மறைச்ச" என்றான். பிறகு, "மூணு புள்ளியில ஒண்டும் நிறுவேலாது மச்சான்" என்றான்.

தெரியும்.

16 மார்ச், ஞாயிறு

இன்றைய பார்வை: வலக்கண் போன கிழமை போலவே. இடக்கண்ணும் போன கிழமை போலவே. நாலு புள்ளி.

டிவியில் போட்டேன். நடுவெளி வெறுமையாக இருப்பது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "டிசம்பரையும் மார்ச்சையும் ஒரு கோட்டால தொடுக்கவா? பாக்க லேசா இருக்கும்" என்றேன்.

"தொடுக்காதீங்க." டீச்சர் குரல். "தெரியாத இடத்தில கோடு கீறப்படாது."

நெடுநேரம் ஓரத்தால் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் புள்ளிகள் மேலே கிட்டத்தட்ட ஒரே உயரத்தில். வெள்ளைப் புள்ளிகள் இரண்டு மேலே, இரண்டு கீழே.

"நோய் ரெண்டும் வேற. இத வச்சு முடிவு சொல்லேலாது" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் செவ்வாய்க்கிழமை வென்றதை விட்டுக்கொடுத்தவள். நான் மட்டும் எப்படி மறைக்கிறது?

"ஓம். சொல்லேலாது" என்றாள்.

அவ்வளவுதான். போவதாகவும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை.

19 மார்ச், புதன்

இன்று பின்னேரம் நடந்ததை எப்படி எழுதுவது.

அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து காம்பு பொறுக்கினேன். நியம விலகல் என்று ஒரு கணக்கு இருக்கிறது, ஒக்டோபர்க் கிளினிக் அளவுகளை மாற்றி எடுத்தால் படத்தில் இன்னும் இரண்டு புள்ளி போடலாம், பின்னணியையும் இன்னும் கொஞ்சம் வெளிறச் செய்தால் நல்லாத் தெரியும்... இப்படி என்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அவள் கையை நிறுத்தினாள்.

"இப்ப என்ன சொல்லப் போறீங்க? நேராச் சொல்லுங்க."

கையில் இருந்த காம்பைக் கீழே வைத்தேன்.

"எனக்குப் பயமா இரிக்கு இலட்சுமி. உனக்கு ஒண்டும் தெரியாமப் போயிரும் எண்டு பயமா இரிக்கு. போவம். தயவு செஞ்சு போவம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். தலையைச் சாய்த்து, ஓரத்தால், கோட்டைப் பார்த்தது போலவே என்னைப் பார்த்தாள்.

"இதச் சொல்லவா இத்தின படம் கீறின நீங்க?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

முருங்கையிலையை மறுபடி உருவத் தொடங்கினாள். கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஊசி வாறது தெரியிது. மற்ற எல்லாத்துக்கும் கண்ண மூடலாம். இதுக்கு மட்டும் மூடேலாது. கூடின என்ன, குறைஞ்ச என்ன எண்டு நான் கேட்டதெல்லாம் அதுக்குத்தான். பயம் எண்டு சொல்ல வெக்கமா இரிந்த."

நாற்பத்தொரு வருடம் ஒன்றாக இருக்கிறோம். இந்த வீட்டில் பயப்படும் ஆள் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"வலக்கண் ஒக்டோபருல எப்பிடி விழுந்த எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். "கதவு நிலையெல்லாம் வளைஞ்சு தெரிஞ்ச. கிழமைக்குக் கிழமை. ஊசிக்குப் பிறகு நிண்டுட்டு. அது உங்கட படத்தில இல்ல. ஆனா எனக்குத் தெரியும்."

தெரிந்துகொண்டுதான் வரமாட்டேன் என்றிருக்கிறாள்.

23 மார்ச், ஞாயிறு

இன்று பார்வை பார்க்க வேண்டாம் என்று நானே சொன்னேன். அவள், "ஏன், தாள் அடிக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டு, கதிரையில் போய் இருந்துகொண்டாள். வலக்கண் அப்படியே. இடக்கண் ஓர் எழுத்துக் குறைவு. இரண்டையும் உரத்துச் சொன்னேன்.

26 மார்ச், புதன்

கிளினிக்குக்குப் போட்டுப் போகும் கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

27 மார்ச், வியாழன்

வந்து சேர்ந்துவிட்டோம். படுக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

விடிய, வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்குப் போனோம். மண்டூர்த் துறையில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏற்கெனவே மிதவையில் ஏறி நின்றார்கள். பாதை ஓட்டுகிற ரதீஸ் இலட்சுமியிடம் படித்தவன். இப்போது அவனுக்கே நரைத்துவிட்டது. கை கொடுத்து ஏற்றினான்.

"கண்ணாடி ஸ்டைலா இரிக்கு டீச்சர். எங்க, வெளிநாடா?"

"மட்டக்களப்புக்கு. கண்ணுல ஊசி ஏத்த."

"கண்ணுலயா?" அவன் முகம் சுருங்கியது. ஆட்களைச் சிரிக்க வைக்க நினைத்தானோ, என்னைப் பார்த்துச் சொன்னான்: "இவங்கதான் சேர் எனக்குக் கணக்குல முப்பத்திமூணு போட்ட."

"நான் போடல்ல. நீ எடுத்த" என்றாள்.

பாதையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் கையை மட்டும் விடவில்லை. வாவி நடுவில் காற்று அடித்தபோது விரல்கள் இன்னும் இறுகின. அக்கரையில் இறங்கி பஸ் ஏறும் வரைக்கும் அப்படியே.

கிளினிக்கில் நெடுநேரம். பெயர் கூப்பிட்டதும் எழும்பினாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். போய்விடப் போகிறாளோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு மறுபடி போனாள்.

உள்ளே என்னை விடவில்லை. வெளியே வாங்கில் இருந்தேன். பக்கத்தில் ஓட்டமாவடியிலிருந்து வந்த ஒரு அம்மா, கண்ணுக்கு மருந்து விட்டுக் காத்திருந்தா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஊசி ஒங்களுக்கா வாப்பா?" என்று கேட்டா.

இலட்சுமி கண்ணில் கட்டோடு வந்தாள். என்னைத் தேடினாள். நான் எழும்பி நின்றும் அவளுக்குத் தெரியவில்லை. பெயரைச் சொன்னேன். குரல் வந்த பக்கம் வந்தாள்.

"எப்பிடி?"

"டொக்டரிட்ட சொல்லிட்டன், எனக்குப் பயம் எண்டு. அவ ஒரு பிள்ளையக் கூப்பிட்டு என்ட கையப் பிடிக்கச் சொன்னா." கொஞ்சம் நடந்த பிறகு, "போன மூண்டு தரமும் கேட்டிரிக்கலாம்" என்றாள்.

30 மார்ச், ஞாயிறு

கட்டு நேற்று அவிழ்த்தாயிற்று. கண்ணில் இன்னும் சிவப்பு இருக்கிறது. இந்தக் கிழமை எழுத்து வாசிக்க வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம்.

சோற்றுக்குப் பிறகு டிவிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, வரைபைக் காட்டச் சொன்னாள். ஊசி போட்ட நாளுக்கு ஒரு சின்னக் குறி வைத்திருந்தேன். அதைப் பார்த்தாள். புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு வலப்பக்கத்து ஓரத்தை விரலால் தொட்டாள்.

"இது எங்க முடியிது?"

"மார்ச்சோட. தரவு அவ்வளவுதானே."

"அச்சை டிசம்பர் வரைக்கும் நீட்டுங்க" என்றாள். "இனி வாறதுக்கு இடம் காணாது."

நீட்டினேன். பெட்டிக்கு நிறம் சொன்னேன், வெளித் தாளுக்குச் சொன்னேன், அனுப்பும் கட்டளைக்கும் சொன்னேன். டிவியில் போட்டோம். புள்ளிகள் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டன. மற்றதெல்லாம் ஓரம் வரைக்கும் பச்சை.

பார்த்துக்கொண்டே இருந்தாள். நிற்பாட்டவா என்று கேட்டேன்.

"கிடக்கட்டும்" என்றாள்.